வார்டோவில் ஒரு நடை: மாமாவின் 'கொம்பனி' இருந்த ஊர்

வார்டோவில் தொலைந்து போக ஏலாது. நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பேரண்ட்ஸ் கடலுக்குள் கிடக்கிற சின்னத் தீவு அது. இரண்டு துண்டு நிலம், அவற்றைச் சேர்க்கிற ஒடுக்கமான ஒரு கழுத்து, அந்தக் கழுத்தை ஒட்டித் துறைமுகம். எந்தத் தெருவால நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் இஸ்தான்புல்லை விடவும் கிழக்கே இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு நல்லா மேலே, 70 பாகை வடக்கில. மரங்கள் இல்லை. காற்று மட்டும் தாராளம்.

சுற்றுலா போகிற ஆக்கள் இந்த ஊருக்குப் பறவை பார்க்கத்தான் வருவார்கள். எதிரே ஹோர்னோயா என்ற குட்டித் தீவில் கோடை முழுக்க ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் கூடு கட்டும். நான் போனது வேறு விசயத்துக்கு. கம்பஸ் லீவில ஒஸ்லோவில இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்க போகப்போறாய் என்று மாமா கேட்க, "நீங்கள் முதல் வேலை செய்த ஊரைப் பாக்கோணும்" என்றேன். மாமி சிரித்தா. மாமா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து டிக்கெட் போட்டுவிட்டார். ஒஸ்லோவிலிருந்து கிர்க்கெனெஸ் வரை விமானம், பிறகு கரையோரமாக ஓடும் கப்பல்.

எங்கட வீட்டில் மாமாவைப் பற்றிச் சொல்ல ஒரு வசனம்தான் இருந்தது: "தம்பி நோர்வேயில கொம்பனியில வேலை." அந்தக் காசில்தான் அம்மாவின் சீதன வீடு எழும்பியது. அந்தக் காசில்தான் சின்னம்மாவின் கலியாணம், எனக்கு ஏ.எல். ரியூசன். என்ன கொம்பனி என்று ஒருத்தரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அது மீன் கொம்பனி என்று எனக்குத் தெரிந்ததே கம்பஸ் வந்த பிறகுதான்.

இது ஏன் பெரிய விசயம் என்று வெளியில் இருக்கிறவைக்கு விளங்காது. எங்கட படலைக்கு வாற மீன்காரம்மா படலைக்கு வெளியில நிண்டுதான் மீன் விப்பா. அம்மம்மா சட்டியை வெளியில நீட்டி வாங்குவா. மீன் குசினிக்குள்ள வரலாம், மீன் விக்கிற மனுசி முற்றத்துக்கு வரக்கூடாது. அந்த வீட்டுப் பிள்ளை கடல் கடந்து போய் மீன் வெட்டினார் என்றால் அதை எப்படிச் சொல்லுவது? 'கொம்பனி' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிப் போச்சு.

கப்பல் எங்களை இறக்கிவிட்டது பிற்பகலில். ஆனி மாதம், ஆனால் யாழ்ப்பாணத்து மார்கழியை ஐந்தால் பெருக்கின குளிர். அந்த நாட்களில் அங்கே சூரியன் மறையாது. அதால எங்களுக்கு அவசரமும் இல்லை. மாமா முன்னால நடந்தார், நான் பின்னால.

முதல் தெருவிலேயே வெறுமையான வீடுகள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு மரவீடுகள்; சிலதில் யன்னல் பலகை அடிச்சு மூடியிருந்தது. சில சுவர்களில் பெரிய ஓவியங்கள். 2012இல் ஓவியர்கள் பலர் இங்கே வந்து கைவிடப்பட்ட கட்டடங்களில் வரைந்துவிட்டுப் போனார்களாம். ஒரு காலத்தில் 4000க்கு மேல் சனம் இருந்த ஊரில் இப்போது கிட்டத்தட்ட பாதிதான். இளம் ஆக்கள் படிக்கவும் வேலைக்கும் தெற்கே போய்விடுகிறார்கள். துறைமுகத்தில் ஆள் இல்லாத கட்டட யன்னல் விளிம்புகளில் கடற்பறவைகள் வரிசையாகக் கூடு கட்டிக் கத்திக்கொண்டிருந்தன. மாமா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் சொன்னார். "இதில ஆறு பேர் இருந்தனாங்கள். கீழ புங்குடுதீவார். அங்கால வல்வெட்டித்துறைப் பெடியள்."

83க்குப் பிறகு நோர்வேக்கு வந்த எங்கட சனத்தில் கனபேர் ஃபின்மார்க் கரையோர ஊர்களுக்குப் போனதற்குக் காரணம் சிக்கலானதில்லை. மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவை. உள்ளூர் இளைஞர்கள் அந்த வேலைக்கு நிற்கவில்லை. மொழி தெரியாட்டிலும் கத்தி பிடிக்கத் தெரிந்தால் காணும். பிறகு பிள்ளைகள் வளர, படிப்பு, கோயில், சொந்தம் என்று பெரும்பாலானவர்கள் ஒஸ்லோவுக்கும் மற்ற நகரங்களுக்கும் இறங்கிவிட்டார்கள். மாமாவும் பத்து வருசத்தில் இறங்கினவர்.

நோர்வேக்கு முதலில் போன தமிழர் என்று சொல்லப்படுகிற அந்தோனி இராசேந்திரம் 1956இல் போனவர். அவர் குருநகர்க்காரர். பிறகு நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத் தொழிற்சாலை வரக் காரணமாக இருந்தவரும் அவர்தான். எங்களுக்கும் நோர்வேக்கும் இடையிலான பாதையைத் திறந்ததே கடற்றொழில். நாங்கள் அந்தப் பாதையால போய்விட்டு, அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறம்.

துறைமுகத்தின் ஓரத்தில் மாமா நின்றார். நீளமான தகரக் கட்டடம். கதவு பூட்டு. யன்னலால் எட்டிப் பார்த்தால் சீமெந்துத் தரையும் தண்ணீர் ஓடுகிற கானும் தெரிந்தன. "இதுதான்," என்றார்.

பிறகு அவர் கதைத்ததுபோல நான் முன்னம் கேட்டதே இல்லை. தொர்ஸ்க் என்கிற கொட் மீன் வரும். மெசின் அதை இரண்டாகப் பிளந்து அனுப்பும். கீழே வெளிச்சம் எரிகிற கண்ணாடி மேசையில் துண்டைப் போட்டால் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். அதை வெட்டி எடுக்க வேணும். உள்ளுக்குப் பருத்திக் கையுறை, மேலே றப்பர் கையுறை. எவ்வளவு கிலோ வெட்டுறாயோ அதுக்கேற்ற மேலதிகக் காசு. "முதல் மாசம் விரல் மடங்காது பிள்ளை. இரவில சுடுதண்ணிக்குள்ள கையை வச்சுக்கொண்டுதான் கடிதம் எழுத வெளிக்கிடுறது." கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவது.

அந்தக் கடிதங்களை நான் வாசித்திருக்கிறேன். அம்மம்மா ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறா. "சுகமாக இருக்கிறேன். கொம்பனியில் நல்ல வேலை" என்றுதான் இருக்கும்.

பிறகு மேற்குக் கரைக்கு நடந்தோம். அங்கே ஸ்டைல்நெசெட் என்ற நினைவிடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஃபின்மார்க்கில் சூனியம் செய்தவர்கள் என்று குற்றம் சாட்டி 91 பேரைக் கொன்றார்கள். அதில் 77 பேர் பெண்கள். 2011இல் திறக்கப்பட்ட இந்த இடத்தைக் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஜுவாவும் சேர்ந்து அமைத்தார்கள். 125 மீற்றர் நீளமான ஒரு ஒடுக்கமான நடை. உள்ளே 91 சின்ன யன்னல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்குமிழ், பக்கத்தில் துணியில் அச்சிட்ட பெயரும் வழக்கும். பக்கத்துக் கண்ணாடிக் கூடத்தில் ஒரு உலோகக் கதிரை நடுவில் தீ எரிந்துகொண்டிருக்கிறது.

நான் முழுதையும் நடந்தேன். மாமா பாதியில் வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வர, "நான் இஞ்ச இருக்கேக்க இது இல்லை. ஆனா ஊர்ச் சனத்துக்குக் கதை தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு கதைக்காமல் இருந்தவை. இப்ப லைற் போட்டு வச்சிருக்கினம்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கட வீட்டு வசனம்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஊர் உண்மையாகவே வெட்கப்பட வேண்டியதைப் பெயர், திகதியோடு வெளியில் வைத்திருக்கிறது. நாங்கள் வெட்கப்படவே தேவையில்லாத ஒன்றை முப்பது வருசத்துக்கு மேல் மூடி வைத்திருக்கிறோம். அதை மூடினது மாமாவைக் காப்பாற்ற இல்லை. படலைக்கு வெளியே நிற்கிற மனுசியை அங்கேயே நிற்பாட்டி வைக்கத்தான். எங்கட பிள்ளையும் அதே வேலைதான் செய்தது என்று ஒத்துக்கொண்டால் படலையைத் திறக்க வேண்டி வரும்.

இரவு பதினொரு மணிக்கும் வெயில். மீன் காய வைக்கும் மரச் சட்டங்களுக்குக் கிட்ட நின்றோம். பருவம் முடிந்து பெரும்பாலும் வெறுமை. ஒரு மூலையில் மட்டும் கொட் தலைகள் தொங்கின. உப்பில்லாமல் குளிர்காற்றிலேயே காய்கிற கருவாடு. தலைகள் நைஜீரியாவுக்குப் போகுமாம், அங்கே குழம்புக்கு நல்ல கிராக்கி.

விடிய, ஊரில் நேரம் பார்த்து, மாமா அம்மம்மாவுக்கு வட்ஸ்அப் கோல் எடுத்தார். கமராவைத் திருப்பி அந்தத் தலைகளைக் காட்டினார்.

"உது என்ன மோனை?"

"மீன் தலை அம்மா. இந்த மீன்தான் நான் பத்து வருசம் வெட்டினனான்."

அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "கை விறைக்கேல்லையோ ராசா?" என்று கேட்டா. மாமா, "விறைச்சதுதான்" என்றார். பிறகு இருவரும் மழை பெய்ததா என்று கதைக்கத் தொடங்கிவிட்டினம்.

ஊருக்கு வந்த பிறகு பெரிசாக ஒன்றும் மாறவில்லை. மீன்காரம்மா இன்னும் படலைக்கு வெளியிலதான் நிற்கிறா. நான் வீட்டில நிற்கிற நாட்களில் மீன் வாங்கப் போவது நான். உள்ள வாங்கோ என்று கூப்பிட்டால் மாட்டன் என்கிறா. அவவுக்கும் பழகிப் போச்சு. அம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா, தடுக்கிறதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் கனபேருக்கு வெளிநாட்டில் 'கொம்பனியில வேலை' செய்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அடுத்த முறை கோல் எடுக்கும்போது என்ன கொம்பனி என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.