பெயர் சொல்லும் பாட்டு

தமிழ் ராப் சென்னையில் பிறந்து சிற்றூர்களுக்குப் பரவியது என்று எண்ணுவோர் உண்டு. எங்கள் லால்பேட்டைக்கு அது சென்னை வழியாக வரவில்லை. விடுப்பில் வரும் மலேசிய சபராளிகளின் பெட்டிகளில், கோடாலித் தைலத்துக்கும் மைலோ டப்பாவுக்கும் இடையில் வந்தது.

என் மாமா 2007இல் கொண்டுவந்தது எம்பி3 குறுவட்டு ஒன்று. மேலே மார்க்கர் பேனாவால் 'ராப் ஹிட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள், வெறும் வரிசை எண்களோடு. யார் பாடியது, எந்த ஆல்பம், எந்த ஆண்டு, ஒன்றும் கிடையாது. எமினெமுக்கும் டூபாக்குக்கும் நடுவே திடீரென்று தமிழ் கேட்டது. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா தந்த 'மடை திறந்து' மெட்டு; அதன்மேல் மூச்சுவிடாமல் பேசிச் செல்லும் குரல்கள். வீராணத்துக் கரையில் வாழ்பவனுக்கு, மடையைத் தூக்கியதும் வாய்க்காலில் முதல் தண்ணீர் எப்படி முட்டிக்கொண்டு வரும் என்று தெரியும். அந்தப் பேச்சின் வேகம் அதுதான்.

அது மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பத்தின் பாட்டு. யோகி பி என்ற பெயரை எங்களுக்குச் சொன்னது அட்டையல்ல, பாட்டு. பாடுபவன் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொள்வது ராப்பின் வழக்கம். 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி விருந்துகளில் பதிவான கேசட்டுகள் கைமாறித் திரிந்தபோதும், பேசுவது யார் என்பதற்கு அந்தக் குரலே சாட்சி. எங்கள் குறுவட்டும் அந்த வம்சம்தான். அட்டையை இழந்த சினிமாப் பாட்டு அநாதையாகிவிடும், ராப் ஆகாது.

தமிழாசிரியரான நண்பர் ஒருவர் இதை மேலைநாட்டுத் தற்பெருமை என்று ஒதுக்கினார். பக்கத்துக் காட்டுமன்னார்கோயிலை அவருக்கு நினைவூட்டினேன். அவ்வூரில் பிறந்த நாதமுனிகள், யாத்திரிகர் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். இறுதியில் பாடியவரின் பெயரும், ஆயிரத்தில் இது ஒரு பத்து என்ற குறிப்பும் இருக்கக் கண்டு, மீதியைத் தேடிக் குருகூர் போனார் என்பது வைணவ மரபு. நாலாயிரமும் அப்படித்தான் தொகுக்கப்பட்டதாம். சடகோபன் பெயர் அங்கே இல்லையென்றால் அவர் எந்த ஊரைத் தேடிப் போயிருப்பார்? நண்பர் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மாமாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கோலாலம்பூரில் உணவகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் ரொட்டி வீசியவர் அவர். வாடிக்கையாளர்களுக்கு 'அண்ணே', முதலாளிக்கு 'லால்பேட்டை'. தன் பெயரைப் பிறர் வாயால் கேட்பது மாதம் ஒருமுறை, ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டரில்தான் என்பார். குரல் தன்னை அறிவிக்கும் இடம் வந்தால் ஒலியைக் கூட்டுவார். இசையே ஆகாது என்னும் என் அத்தா அடுத்த அறையிலிருந்து இருமுவார். கூட்டிய ஒலி குறையாது.

கடை மூடிய பின் இந்தப் பாட்டைப் போட்டால், பாத்திரம் கழுவும் பையன்கள் பாடகனின் பெயர் வரும் இடத்தில் அவரவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்களாம். ஒருவன் பரங்கிப்பேட்டை, ஒருவன் பேராக்கின் தோட்டப்புறத்துப் பிள்ளை, ஒருவன் தமிழே அறியாத வங்கதேசத்தான். மாமாவும் கத்தியிருக்கிறார். முதலாளியின் கார் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்கள்.