எட்டுக்கால் சிப்

பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனால் எனக்கு வேலை எதுவும் இருக்காது. மயிலத்தில் அந்த நாட்களில் ஊரே மலையடிவாரத்தில்தான் கிடக்கும். கூட்டேரிப்பட்டுப் பக்கமிருந்து காவடிகள் வந்துகொண்டே இருக்கும். போன வருடம் வெயிலுக்குப் பயந்து நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய லேப்டாப் மாவு மில் மாதிரி சத்தம் போட்டது.

"ஃபேன் ஏங்க்கா இப்படிக் கத்துது?"

"அது அப்பிடித்தாண்டா கத்தும். நல்லாத்தானே ஓடுது, வுடு."

நான் விடவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் சொந்த வீட்டு லேப்டாப்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? அவள் குளிக்கப்போன நேரத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தயாரித்த கம்பெனியின் தளத்தில் புது பயாஸ் வந்திருந்தது. ஃபேன் வேகத்தைச் சரிசெய்யும் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதும். கோப்பைப் பென் டிரைவில் போட்டு, அப்டேட்டைத் தொடங்கினேன்.

பேட்டரி 43 சதவீதம் காட்டியது. சார்ஜரும் செருகியிருந்தது. இரண்டும் இருந்தால்தான் அப்டேட் தொடங்கவே விடும். திரையில் ஒரு கோடு மெதுவாக வளர்ந்தது. பாதியைத் தாண்டியபோது கரண்ட் போனது. எனக்குப் பெரிய பதற்றமில்லை, பேட்டரி இருக்கிறதே என்று நினைத்தேன். பத்து எண்ணுவதற்குள் திரை அணைந்தது.

நான்கு வருடப் பழைய பேட்டரி காட்டும் சதவீதம் ஓர் ஊகம்தான் என்பது எனக்குத் தெரியும். அடுத்தவர் லேப்டாப் என்றால் அதைச் சொல்லியும் இருப்பேன்.

கரண்ட் வந்த பிறகு பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கியது, திரை கறுப்பாகவே இருந்தது. தலையில் துண்டோடு வந்து நின்ற அக்கா என்னைத் திட்டவில்லை. "வாத்தியார் கொரலு உள்ளதாண்டா இருக்கு" என்றாள்.

*

அக்கா படித்தது மயிலம் தமிழ்க் கல்லூரியில். பொம்மபுர ஆதீனத்தார் 1938-இல் தொடங்கிய கல்லூரி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு புலவர் என்று கேலியாகச் சொல்வார்கள், அது இந்தக் கல்லூரியால்தான். எம்.ஏ. முடித்துக் கல்யாணம், பிள்ளை, ஒரு தனியார் பள்ளியில் வேலை என்று பத்து வருடம் போனது. பிறகுதான் பகுதிநேர ஆய்வில் சேர்ந்தாள். தலைப்பு, தெருக்கூத்தில் திரை விருத்தம். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பாட்டு. ஒரே துரியோதனனுக்கு வாத்தியாருக்கு வாத்தியார் சொல் மாறும், ராகம் மாறும். அந்த வித்தியாசங்களைத் தேடித்தான் மூன்று வருடம் சனி ஞாயிறுகளில் திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஊர்களுக்கு பஸ்ஸில் போய்வந்தாள். பதினோரு வாத்தியார்களைப் போனில் பதிவு செய்திருந்தாள். போனில் இடம் போதாமல், லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவாள். பதினோரு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலக்கா. பயாஸ்தான் போச்சு. டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல போட்டா வந்துடும்" என்றேன். உண்மையும் அதுதான். பயாஸ் என்பது லேப்டாப் கண் விழித்ததும் ஓடும் முதல் நிரல். நினைவகம் எங்கே, திரை எங்கே, டிஸ்க் எங்கே என்று பார்த்து, பிறகு விண்டோஸை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது இருப்பது டிஸ்க்கில் இல்லை, போர்டில் ஒட்டிய எட்டுக் கால் சிப் ஒன்றில். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரியது, கொள்ளளவு 16 எம்பி.

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். நீலப் பெட்டி ஒன்று வந்தது. 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்றது.

அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவை டிஸ்க்கைத் தாமாகவே பூட்டிவிடுகின்றன. உரிமையாளருக்குத் தெரிவதே இல்லை. பூட்டைத் திறக்கும் ரகசியம் டிபிஎம் என்ற பகுதியில் இருக்கும். அது போர்டோடு சேர்ந்தது. தன் போர்டில் இருக்கும்வரை டிஸ்க் தானாகத் திறக்கும், வேறு எங்கே போனாலும் 48 எண் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் அக்காவுக்கு அந்தக் கணக்கைத் தொடங்கியது லேப்டாப் வாங்கிய கடைப் பையன். அவனே ஒரு ஈமெயில் முகவரி உண்டாக்கி, அவனே ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். அவளுக்குத் தெரிந்தது நான்கு இலக்கப் பின் மட்டும். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை இருக்கிறது.

*

அடுத்த இரண்டு நாள் எல்லாம் செய்தேன். பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பார்த்தேன். பென் டிரைவில் கோப்பின் பெயரை மாற்றிப் போட்டு, இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தேன். சில லேப்டாப்கள் இதற்கு எழுந்துவிடும். இது எழவில்லை. திண்டிவனத்தில் ஒரு கடையில், "போர்டு போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரும் போனில் அதையே சொன்னது. போர்டை மாற்றினால் லேப்டாப் வரும், வாத்தியார்கள் வரமாட்டார்கள்.

விழுப்புரத்தில் மாடியில் ஒருவர் சிப் லெவல் வேலை பார்ப்பதாக நண்பன் சொன்னான். அக்காவும் நானும் கூட்டேரிப்பட்டு போய் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தே வந்தாள். நான்தான் பேசிக்கொண்டே போனேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் நடந்ததைச் சொன்னேன். டிஸ்க் பூட்டு பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாராவது சிப்புல எதனா எழுதினாங்களா தம்பி?"

"இல்லண்ணே."

"அப்ப சரி. எழுதியிருந்தா தூக்கினு போன்னு சொல்லியிருப்பேன்."

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். இந்த வகை லேப்டாப்பில் டிபிஎம் தனிச் சிப் இல்லை. ப்ராசசருக்கு உள்ளே ஓடும் ஒரு மென்பொருள் அது. ஆனால் அதன் நினைவு இருப்பது அதே எட்டுக் கால் சிப்பின் இன்னொரு பகுதியில். லேப்டாப்பின் வரிசை எண்ணும் விண்டோஸ் உரிம எண்ணும் அதே சிப்பில்தான் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் முழுக் கோப்பு ஒன்றை எடுத்து அப்படியே மேலே எழுதினால் ஐந்து நிமிடத்தில் லேப்டாப் எழுந்துவிடும். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். எழுந்து வரும் லேப்டாப்புக்குத் தன் பழைய பூட்டு ஞாபகமிருக்காது.

"அதனால மொதல்ல படிக்கணும். கெட்டுப் போனத கெட்டுப் போன மாதிரியே ஒரு காப்பி எடுத்துக்கணும். அப்பறம்தான் எழுதறது."

அக்கா அப்போதுதான் முதல் முறையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் பேட்டரியைக் கழற்றினார், ஒற்றை ரூபாய் அளவு பட்டன் செல்லையும் எடுத்தார். சிப்பின் மூலையில் இருந்த புள்ளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அதுதான் முதல் கால் என்று காட்டினார். அந்தப் புள்ளிப் பக்கம் சிவப்பு ஒயர் வரும்படி ஒரு கிளிப்பைச் சிப்பின் மேல் கவ்வ வைத்தார். கிளிப்பின் மறுமுனையில் கறுப்பாக ஒரு சின்ன புரோகிராமர். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சிஹெச்341ஏ வகை. அதில் ஒரு ஒயரை வெட்டி மாற்றி ஒட்டியிருந்தார். இந்தச் சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவது, அந்தப் புரோகிராமர் அப்படியே வந்தால் சிக்னல் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும் என்றார். 1.8 வோல்ட் சிப்களும் உண்டு, அவற்றுக்கு வேறு அடாப்டர் வைத்திருந்தார்.

முதல் முறை படிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது. உடனே இரண்டாம் முறையும் படித்து இரண்டையும் ஒப்பிட்டார். ஒத்துவரவில்லை. கிளிப்பை எடுத்து, பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுக் கால்களைத் துடைத்து மறுபடி கவ்வ வைத்தார். மூன்றாவதும் நான்காவதும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்தன. "இதுதான் நெசம்" என்றார்.

"பாடபேதம் பாக்கறாரு" என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

சிரிப்பு வந்தது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஊர் ஊராகப் போய்ப் பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார் என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். செல்லரித்த ஏட்டையும் தூக்கிப் போடக்கூடாது, ஒரு வரிக்கு அது மட்டுமே சாட்சியாக இருக்கலாம் என்று அக்காவின் பேராசிரியர் சொல்வாராம்.

கடைக்காரர் கோப்பைத் திரையில் திறந்து காட்டினார். எண்களும் எழுத்துகளுமாக வரிசைகள். உருட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் வரிசைகள் மாறின. எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். பக்கம் பக்கமாக வேறொன்றுமில்லை.

"இங்கதான் கரண்ட் போயிருக்கு."

ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதப்படாத இடம் அப்படித்தான் இருக்கும், எல்லாப் பிட்டும் ஒன்று. எழுதும்போது ஒன்றைப் பூச்சியமாக்க முடியும். பூச்சியத்தைத் திரும்ப ஒன்றாக்க ஒரு முழுத் துண்டையே அழிக்க வேண்டும். அதனால் புதியதை எழுதுவதற்கு முன் பழையதை அழித்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து. ஜப்பானில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா இந்த நினைவகத்தை 1984-இல் உலகுக்கு அறிவித்தார். ஃப்ளாஷ் என்ற பெயரே, ஒரு பகுதி முழுவதும் கேமரா வெளிச்சம் போல ஒரு நொடியில் அழிவதைப் பார்த்து அவருடைய சக ஊழியர் சொன்னது என்பார்கள். நாம் சேமிக்க வைத்திருக்கும் பொருளுக்கு அழிப்பதை வைத்துப் பெயர் வந்திருக்கிறது.

இந்த இடைவெளியை ஆயுதமாக்கியவரும் உண்டு. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-இல் எழுதிய சிஐஹெச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டு டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்தது, பயாஸ் மேலும் குப்பையை எழுத முயன்றது. செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது. கடைக்காரர் அப்போது வேலை பழகிக்கொண்டிருந்தாராம். "அப்பல்லாம் சிப்ப சாக்கெட்லேந்து புடுங்கி வேற மாட்டலாம். இப்ப எல்லாம் ஒட்டி வச்சுட்டான்."

வைரஸ் எழுதியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணம் தோன்றியது. என் எண்ணம் நல்லது, அவ்வளவுதான்.

*

தயாரிப்பாளர் தரும் அப்டேட் கோப்பிலிருந்து, எஃப்எஃப் ஆகிப்போன பகுதிகளுக்கு உரியதை மட்டும் எடுத்து, எங்கள் பழைய பிரதியில் அந்தந்த இடத்தில் பொருத்தினார். டிபிஎம் நினைவு இருக்கும் பகுதியைத் தொடவில்லை. லேப்டாப்பின் அமைப்புகளும் சாவிகளும் இருக்கும் பகுதியையும் தொடவில்லை. எழுதி முடித்ததும் மறுபடி படித்து, எழுதியதுதானா என்று பார்த்தார். செல்லை வைத்து, சார்ஜர் மாட்டி, அக்காவைப் பார்த்தார்.

"நீங்களே அமுக்குங்கம்மா."

ஒரு நிமிடம் கறுப்புதான். அதுவே அணைந்தது. அதுவே மறுபடி எழுந்தது. கம்பெனி சின்னம் வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அதே நீலத் திரை, அதே 48 இலக்கம்.

யாரும் பேசவில்லை. அவர் மட்டும் ஒன்றும் ஆகாததுபோல அணைத்துவிட்டு செட்டிங்ஸ் உள்ளே போனார். செல்லைக் கழற்றியதில் சில அமைப்புகள் மாறிப்போயிருந்தன. செக்யூர் பூட் அணைந்திருந்தது. பூட்டும்போது இருந்த நிலையிலேயே லேப்டாப் இருக்கிறதா என்று டிபிஎம் பார்க்கும், இல்லையென்றால் ரகசியத்தைத் தராது. அதை ஆன் செய்து வெளியே வந்தார்.

இந்த முறை விண்டோஸ் பின் கேட்டது. அக்கா நான்கு எண்ணையும் அடித்தாள். கோப்புகள் எல்லாம் இருந்தன.

அவர் முதலில் அந்த 48 இலக்கத்தை எடுத்துத் திரையில் காட்டினார். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். நான் போனில் படமெடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்துக் கையால் எழுதினாள். எழுதியதை ஒருமுறை திரையோடு ஒப்பிட்டாள். பிறகு என்னிடம் நோட்டைக் கொடுத்து, "நீ படி, நா பாக்கறேன்" என்றாள். நான் படித்தேன்.

கடைக்காரர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். புதுப் பேட்டரிக்குத் தனியாக. கெட்டுப்போன பிரதியையும் சரிசெய்த பிரதியையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். மூடியைத் திருகுவதற்கு முன் ஃபேனைப் பார்த்தவர், சின்ன பிரஷ்ஷால் நோண்டினார். பஞ்சு மாதிரி தூசி ஒரு உருண்டை வந்தது.

"இதுக்கா தம்பி அப்டேட் போட்ட?"

பஸ்ஸில் அக்கா ஹெட்போன் ஒன்றை எனக்குத் தந்தாள். இல்லாமல் போன இரண்டு பேரில் ஒரு வாத்தியாரின் பதிவு. பாட்டு தொடங்குவதற்கு முன் இருமல், யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவரும் சத்தம், அக்கா ஏதோ கேட்கிறாள். அவர் சொல்கிறார், எழுதினியாம்மா, இல்ல இன்னொருவாட்டி பாடட்டுமா என்று. கூட்டேரிப்பட்டு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தோம். இறங்கும்போது, "வீட்டுக்குப் போயி மூணு காப்பி போடணுங்க்கா, நானே போடறேன்" என்றேன்.

"நா போட்டுக்கறேன். நீ பக்கத்துல ஒக்காந்து சொல்லு" என்றாள்.