கரிசற் காட்டில் கவுதாரியின் குரல்

கிராண்ட்பாஸ் வீதியில் பொழுது லொறிகளின் இரைச்சலோடு புலர்கிறது. அவ்விரைச்சலிலேயே வளர்ந்த நம் இளைஞர்களுக்கு, பறவையின் குரல் கேட்டு மக்கள் கண்விழிக்கும் ஊர்கள் இன்னும் உள என்று எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. நம்மிற் பலருடைய பாட்டனார்கள் புறப்பட்டு வந்த திருநெல்வேலிச் சீமையிலேயே அத்தகைய ஊர்களைக் காணலாம்.

கொழும்பிலிருந்து விமானத்தில் மதுரையை அடைந்து, பேருந்தில் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் கோவில்பட்டி. அங்கிருந்து எட்டயபுரம் செல்லும் வழியெங்கும் கரிசல் நிலம் பரந்து கிடக்கிறது. பங்குனி மாதத்தில் அங்கே நிழல் தருவன உடைமரங்களே. அவற்றின் முட்கிளைகளில் இரவைக் கழித்த கவுதாரிகள், கிழக்கு வெளுக்கும்போதே கூவத் தொடங்குகின்றன. ஒரு சேவல் உரத்த குரலில் விடாது கூவ, அடுத்த புலத்துச் சேவல் எதிர்க்குரல் கொடுக்கும். 'இவ்விடம் என்னுடையது' என்பதே அக்கூவலின் பொருள்.

இந்தக் குணத்தையே வேட்டுவர் தமக்குத் துணையாகக் கொண்டனர். பழக்கிய கவுதாரியைக் கூட்டில் அடைத்துப் புதரருகே வைப்பார்கள். சுற்றிலும் கண்ணி பதிப்பார்கள். கூட்டுப் பறவை கூவியதும், அயலான் ஒருவன் தன் எல்லைக்குள் புகுந்தான் என்று சினந்து ஓடிவரும் சேவல் கண்ணியிற் சிக்கும். இனத்தைக் கொண்டே இனத்தைப் பிடிக்க உதவும் இத்தகைய உயிருக்கு நம் முன்னோர் 'பார்வை' என்று பெயரிட்டனர். பார்வை வைத்து வலை விரிக்கும் வேட்டுவனை நற்றிணையின் 212-ஆம் பாட்டிலேயே காணலாம்.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இக்கலை உண்டு. வசந்த காலத்து விடியலில் வான்கோழி வேட்டைக்குச் செல்வோர், சிறு மரப்பெட்டியின் மீது அதன் மூடியை உரசிப் பேட்டின் குரலை எழுப்புவர். பொம்மைப் பேடொன்றையும் தரையில் நிறுத்துவர். கவுதாரியைச் சினம் இழுத்து வருகிறது. வான்கோழியைக் காதல் இழுத்து வருகிறது. அளவற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் அப்பறவை ஒரு காலத்தில் மிக அருகிப் போயிற்று. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டாக்களின் மீதான வரி வனவுயிர்களின் மீட்சிக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய பறவைகளிற் சிலவற்றைப் பிடித்து, வெறுமையான காடுகளில் விட்டுப் பெருக்கினர். இன்று அவை பல இலட்சமாகப் பெருகியுள்ளன.

அதே 1937-இல் இலங்கையிலும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று கவுதாரி வேட்டை குற்றமாகும். சட்டம் பறவையைக் காக்கிறது. ஆனால், வேட்டுவர் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு என்னாவது?

எட்டயபுரத்துக்கு அருகில் ஒரு முதியவரைச் சந்தித்தோம். இளமையில் தந்தையாருடன் கூடு சுமந்து திரிந்தவர். அவருடைய மக்கள் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கின்றனர். கவுதாரியின் குரலை அவர்களில் எவரும் கற்கவில்லை. எங்களுக்காக அவர் கையை வாயருகே குவித்து ஒரு முறை கூவினார். வேலிக்கு அப்பாலிருந்து உடனே மறுகுரல் எழுந்தது. சாம்பல் நிறச் சேவலொன்று பாதைக்கு ஓடிவந்து, கழுத்தை நிமிர்த்தி எதிரியைத் தேடியது.

"இன்னொரு முறை கூவுங்கள், தாத்தா!" என்றான் என்னுடன் வந்திருந்த தமையனார் மகன்.

"வேண்டாம் தம்பி. பக்கத்திலே பேடு முட்டை வைத்திருக்கும். இல்லாத எதிரியைத் தேடி இவன் அலைந்தால், அதற்கு யார் காவல்?" என்றார் முதியவர்.

எந்தப் பாடநூலிலிருந்தும் அவர் இதைக் கற்றவரல்லர். கண்ணி வைப்பதற்காகப் பெற்ற அறிவே இன்று காவலாக நிற்கிறது. அதைக் கேட்டு எழுதிவைக்க நம் மாணவர் சிலரேனும் முன்வர வேண்டும். விடுமுறையில் தமிழகத்துத் திருத்தலங்களுக்குச் செல்லும் குடும்பத்தினர், ஒரு விடியற்காலையைக் கரிசற் காட்டுக்கும் ஒதுக்குவார்களாக. கூடும் கண்ணியும் வேண்டா. பொறுமையாகக் கேட்கும் செவி இருந்தாற் போதும்.