மாமன் போட்ட வக்காலத்து

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம டிவியில 'கௌரவம்' பார்த்துட்டு இருந்தேன். 1973-ல வந்த படம். சிவாஜி பாரிஸ்டர் ரஜினிகாந்தா வந்து பின்னி எடுப்பாரே, அதேதான். பெரியப்பா ஒரு பக்கம், வளர்த்த பையன் இன்னொரு பக்கம்னு கோர்ட்டுல மோதிக்குவாங்க. பார்க்கிறவங்களுக்கு அது சினிமா. எங்க வீட்டுல அது கொஞ்சம் மாறி, நிஜமாவே நடந்துச்சு. பல வருஷமா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டது. சம்பந்தப்பட்ட பெரியவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்லை, அதனால எழுதலாம்னு தோணுது. கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கங்க மக்களே :-)

எங்க ஊரு ராசிபுரத்துக்குப் பக்கம். 1994-ல நாமக்கல் தனி மாவட்டம் ஆகலை, எல்லாம் சேலம்தான் (1997-லதான் பிரிச்சாங்க). அப்ப ஏழாம் நம்பர் நெடுஞ்சாலைன்னு சொல்ற ரோடு, இப்ப நாப்பத்திநாலு. இன்னைக்கு மாதிரி நடுவுல தடுப்பெல்லாம் கிடையாது. எதிர்ல வர்ற லாரியோட லைட்டு கண்ணைக் குத்தும். அந்த ரோட்டுலதான் ஒரு ராத்திரி ஒம்பது மணிக்கு என் பெரியப்பா பையன், எங்க அண்ணன், டிவிஎஸ் ஃபிஃப்டியில வந்தவன் லாரியில அடிபட்டுப் போயிட்டான். இருபத்திரெண்டு வயசு. நான் அப்ப ப்ளஸ் ஒன்.

லாரி ஓட்டினவர் எங்களுக்குத் தெரிஞ்சவர். எங்க அம்மாவோட ஊர்க்காரர். பெரிய மாமா (அம்மாவோட அண்ணன்) மெட்ராஸ்ல சட்டம் படிச்ச காலத்துல அப்புச்சி வீட்டுல இருந்து மாசாமாசம் அரிசி மூட்டையும் பணமும் மெட்ராஸ் லோடு லாரியில கொண்டுபோய்க் குடுத்தது அவர்தான். வாடகை வாங்கினதே இல்லையாம். மாமா பாஸ் பண்ணி வந்து கிரிமினல் சைடுல பேர் எடுத்துட்டார். அந்த டிரைவர் அன்னைக்கும் டிரைவராத்தான் இருந்தார்.

அண்ணனோட காரியம் முடிஞ்ச மூணாம் நாள் அந்த டிரைவரோட சம்சாரம் மாமா வீட்டு வாசல்ல வந்து உக்காந்துச்சு. மாமா வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டார்.

எங்க வீட்டுல இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. அம்மா போய், "ஏண்ணா, ஊருல வேற வக்கீலே இல்லையா? எம்பட புருசன் வீட்டுப் பொணம் இன்னும் ஈரம் காயலை"ன்னு அழுதுச்சு. மாமா சொன்னது ரெண்டே விஷயம். "அவனுக்கு நான் போகலைன்னா நான் தின்ன அரிசி செரிக்காது." ரெண்டாவது, "நஷ்டஈடு கேஸ் வேற கோர்ட்டு, வேற கணக்கு. இதுல அவன் விடுதலை ஆனாலும் அது நிக்கும். நல்ல வக்கீலாப் பார்த்துப் போடச் சொல்லு." அம்மா ரெண்டாவதைக் காதுலயே வாங்கலை. அன்னையில இருந்து அண்ணன் தங்கச்சி பேச்சு நின்னு போச்சு.

இதோட போயிருந்தா பரவாயில்லை. கேஸ்ல ரெண்டாவது சாட்சி யாருன்னு நினைக்கறீங்க? எங்க அப்பா.

சம்பவம் நடந்த இடத்துக்கு நேர் எதிர் டீக்கடையிலதான் அப்பா அன்னைக்கு இருந்தார். போலீஸ் எழுதின வாக்குமூலத்துல, லாரி அதிவேகமா, அஜாக்கிரதையா வந்து மோதினதை நேர்ல பார்த்ததா இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, போலீஸ் விசாரணையில எழுதற அந்த வாக்குமூலத்துல சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது. சட்டமே அப்படித்தான். கோர்ட்டுல கூண்டுல ஏறிச் சொல்றதுதான் சாட்சியம். எழுதினதுக்கும் சொல்றதுக்கும் இடைவெளி இருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் அதுலதான் கையை விடுவார். 304-ஏ, கவனக்குறைவால மரணம், அதிகபட்சம் ரெண்டு வருஷம்னு அப்ப. (2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106. இப்ப அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம்.)

நான் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா முன்னாடி பெஞ்சுல. அப்பா வெள்ளை வேட்டி சட்டையோட கூண்டுல. மாமா எழுந்தார். வீட்டுல அப்பாவை "மாப்ளே"ன்னுதான் கூப்பிடுவார். அன்னைக்கு முகத்தைக் கூடப் பார்க்காம கேட்டார்.

"நீங்க டீக்கடைக்கு உள்ளாற இருந்தீங்களா, வெளியவா?"

"உள்ளாறங்க."

"எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்தீங்க?"

"அடுப்புப் பக்கம்."

"அப்ப ரோடு உங்க முதுகுப் பக்கம்."

"ஆமாங்க."

"சத்தம் கேட்டப்புறம்தான் திரும்பினீங்க, சரிங்களா?"

அப்பா பேசலை. திரும்பி பெரியப்பாவைப் பார்த்தார். கோர்ட்டுல ஃபேன் சுத்தற சத்தம் மட்டும். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. "இல்லைங்க, பார்த்தேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாது. அப்பா சொன்னார், "ஆமாங்க. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்."

அவ்வளவுதான். வேற நேர் சாட்சி இல்லை. சில மாசம் கழிச்சு சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் குடுத்து விடுதலை.

அதுக்கப்புறம் எங்களுக்கு ரெண்டு வீடு இல்லாமப் போச்சு. பெரியப்பா அப்பாகிட்ட பேசறதை நிறுத்திட்டார். 'சொந்தத் தம்பி மச்சானுக்காக மாத்திச் சொல்லிட்டான்'னு ஊரெல்லாம் பேச்சு. அம்மா மாமாகிட்ட பேசறதில்லை. இத்தனைக்கும் அப்பாவும் மாமாவும் பேசிக்கிட்டேதான் இருந்தாங்க! "உங்க மாமன் கேட்டது சரியான கேள்விடா. நான்தான் முன்னாடியே போலீஸ்கிட்ட தெளிவாச் சொல்லியிருக்கணும்"னு அப்பா ஒருதரம் சொன்னார்.

1999-ல அக்கா கல்யாணம். எங்க பக்கம் தாய்மாமன் சீர் இல்லாம கல்யாணம் நடக்குமா? முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அம்மா வாய் திறக்கலை. அப்புறம் வெத்தலை பாக்குத் தட்டை எடுத்துக்கிட்டு தனியா பஸ் ஏறிப் போச்சு. திரும்பி வந்தப்ப கூட மாமா. ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசிக்கலை, சீர் மட்டும் நடந்துச்சு. பேச்சு வர இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு. பெரியப்பா கல்யாணத்துக்கு வரலை. கடைசி வரைக்கும் வரவே இல்லை. 2006-ல அவர் இறந்தப்ப அப்பா பந்தல்காலைப் பிடிச்சுட்டு வெளியவே நின்னுட்டு இருந்தார். உள்ள கூப்பிட ஆளில்லை.

நஷ்டஈடு கேஸ் ஜெயிச்சுது. இன்சூரன்ஸ் கம்பெனி கட்டுச்சு. அந்தக் கோர்ட்டுல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டாம், நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினாப் போதும். மாமா சொன்ன அதே கணக்கு. ஆனா பணத்தை வெச்சு பெரியப்பாவோட மனசு ஆறலை, யாருக்குத்தான் ஆறும்?

ரொம்ப நாள் கழிச்சு நான் மாமாகிட்ட இதைப் பத்திக் கேட்டேன். அவர் நேரா பதில் சொல்லாம சேலத்துக் கதை ஒண்ணு சொன்னார். சி. விஜயராகவாச்சாரியார். 1882-ல செவ்வாப்பேட்டையில ஊர்வலப் பாதையில பள்ளிவாசல் இருந்ததை ஒட்டி இந்து முஸ்லிம் கலவரம். பள்ளிவாசலை இடிச்சாங்க. தூண்டிவிட்டார்னு முப்பது வயசு இளம் வக்கீல் மேல கேஸ். தொழிலுக்கு வந்தே ஒரு வருஷம்தான். பத்து வருஷம் தண்டனை. மனுஷன் அப்பீல் பண்ணி, போராடி வெளிய வந்தார். வந்தவர் வீட்டுக்குப் போய்ப் படுக்கலை. அதே கேஸ்ல அந்தமானுக்குப் போனவங்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் வரைக்கும் மனு போட்டு விடுதலை வாங்கினார். நகரசபைப் பதவியில இருந்து தன்னை நீக்கினதுக்கும் வழக்குப் போட்டு ஜெயிச்சார். நஷ்டஈடு எவ்வளவு? நூறு ரூபாய்! தென்னாட்டுச் சிங்கம்னு பேர் வந்தது அப்பதான். 1920-ல நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவரா உக்காந்தவரும் அவர்தான்.

எங்க ராசிபுரத்துல பிறந்த வரதராஜுலு நாயுடு மேல 1918-ல மதுரைப் பேச்சுக்காக ராஜத்துரோக வழக்கு வந்தப்ப வாதாடப் போனது சேலம் வக்கீல் ராஜாஜி. ரெண்டு பேரும் நண்பர்கள். "சொந்தம்னு வந்தா வக்கீல் போகக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லைடா. தானே சாட்சியாப் போற கேஸ்ல ஆஜராகக் கூடாது, அது இருக்கு"ன்னார் மாமா.

அவர் சொன்னது வாஸ்தவம்தான். பார் கவுன்சில் விதியிலயே இருக்கு, குற்றவாளியா இல்லையான்னு தனக்கு என்ன தோணினாலும் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடறது வக்கீலோட கடமைன்னு. கோயமுத்தூர்ல ஆரம்பிச்ச ஒரு வழக்குல, இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடறதே செல்லாதுன்னு 2010-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

சரி, விதி எல்லாம் புரியுது. கடைசியா ஒண்ணு கேட்டேன். "மாமா, அன்னைக்கு அவர் தூங்கிட்டாரா? நிஜமா என்ன நடந்துச்சு?"

மாமா வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தார். "நான் அவனைக் கேக்கவே இல்லை."

"ஏன்?"

"கேட்டு, அவன் ஆமான்னு சொல்லியிருந்தா, உங்கப்பனை அந்தக் கேள்வி கேட்டிருக்க எனக்கு நாக்கு வந்திருக்காது."

மாமா போய் இப்ப நாலு வருஷம் ஆச்சு. அந்த டிரைவரும் இல்லை. ரோடு நாலு வழி ஆயிடுச்சு, டீக்கடை இருந்த இடத்துல இப்ப புளியமரம்கூட இல்லை. அந்தப் பக்கம் பஸ்ஸுல போறப்ப அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பாம உக்காந்துக்கும். நான் ரெண்டு பக்கமும் பார்ப்பேன். எந்தப் பக்கம் நியாயம்னு எனக்கு இன்னைக்கும் பிடிபடலை. அப்பா பக்கம் மட்டும் சந்தேகம் இல்லை.

டிஸ்கி: ஆள் பேர், ஊர் பேர் எதுவும் வேணும்னே போடலை. தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சா உங்களோட வெச்சுக்கங்க, ப்ளீஸ்.