மரக்கழிவில் பிறந்த மின்சாரம்

ஆஸ்திரியா நாட்டின் கிழக்கு எல்லையில், ஹங்கேரியை ஒட்டிக் கியூசிங் என்னும் சிற்றூர் உள்ளது. சுற்றிலும் காடு, ஆயினும் ஊரில் பிழைப்பு இல்லை. பலர் வியன்னா நகருக்கு வேலைக்குச் சென்று, வார இறுதியில் மட்டுமே வீடு திரும்பினர். அவர்கள் ஈட்டிய பணமோ எண்ணெய்க்கும் மின்சாரத்துக்குமாக வெளியூருக்கே போயிற்று. காலடியில் விறகு மட்கிக் கிடக்க, தொலைநாட்டு எண்ணெயை எரித்துக் குளிர்காய்ந்தது அவ்வூர்!

1990ஆம் ஆண்டில் நகர மன்றத்தார் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றைக் கைவிடத் தீர்மானித்தனர். முதலில் விறகால் சூடாக்கிய நீரைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பினர். 2001இல் மின்நிலையம் எழுந்தது. அங்கே மரச்சில்லுகளை நேரே எரிப்பதில்லை. ஏறத்தாழ 850 பாகை செல்சியசில் தகிக்கும் மணற்படுகையில் அவற்றை இட்டு, நீராவியைச் செலுத்துவர். காற்று புகாமையால் மரம் எரியாது, எரிவளியாக மாறும். அவ்வளியைத் தூய்மைப்படுத்தி எந்திரத்தில் செலுத்த, 2 மெகாவாட் மின்சாரம் கிடைத்தது. அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட வெப்பமும் கிடைத்தது. எஞ்சிய கரியும் வீணாகவில்லை. மணலைச் சூடேற்றியது அக்கரியே.

மலிவான வெப்பத்தை நாடி, மரப்பலகைத் தளம் செய்யும் ஆலைகள் ஊருக்கு வந்தன. அவற்றின் கழிவும் எரிபொருளாயிற்று. வியன்னாவுக்குப் போகாமலே சிலருக்கு வேலை கிடைத்தது.

பின்னர் மரத்தின் விலை ஏறியது. மின்சாரத்துக்கு அரசு உறுதியளித்திருந்த உயர்விலைக் காலமும் முடிந்தது. 2016இல் அந்நிலையம் நின்றுபோனது. இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இயலாது. அதற்குள் அம்முறையைப் பின்பற்றி, அண்டை ஊரான ஓபர்வார்ட்டிலும் ஜெர்மனியின் செண்டனிலும் நிலையங்கள் எழுந்திருந்தன.