குற்றாலச் சாரலும் ஒரு மலைமொழியும்

சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவியில் வரிசையில் நின்றால் இரண்டு மொழிகள் காதில் விழும். "தலையைத் துவட்டும்மா" என்று ஒரு தாய் சொல்வார். பக்கத்திலேயே "மோளே, இவிடே வா" என்று இன்னொரு தாய் அழைப்பார். இரண்டு குழந்தைகளும் ஒரே தண்ணீரில்தான் ஆட்டம் போடும்.

இந்தப் பகுதிக்கு இது புதிதல்ல. தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. அங்கிருந்து கேரளம். செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தான். 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது.

அதே நாளில்தான் அரசியலமைப்பின் ஏழாவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. மாநில எல்லை மாறலாம். அதற்காகக் குழந்தையின் வீட்டு மொழி மாறிவிடுமா என்ன?

தமிழுக்கும் மலையாளத்துக்கும் எழுத்து இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது. எழுத்தே இல்லாத மொழி பேசும் குழந்தை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டாம். தென்காசியிலிருந்து பாரதியார் வாழ்ந்த கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகத் தெற்கே போனால் பாபநாசம். வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டி, காரையாறு, சேர்வலாறு பக்கம் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. பழங்குடியினர் பட்டியலில் காணிக்காரர் பெயரோடு கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் பேச்சு, தமிழும் மலையாளமும் கலந்ததுபோல் நமக்குக் கேட்கும். ஆனால் அது தனிப் பேச்சு. அதற்கென எழுத்து கிடையாது.

அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? 1987-ல் அகத்தியர் மலையின் கேரளப் பக்கம் போன ஆய்வாளர்களுக்கு, களைப்பைப் போக்கும் ஒரு செடியைக் காட்டிக்கொடுத்தவர்கள் காணிகள்தான். 'ஆரோக்கியப்பச்சை' எனப்படும் அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. இப்படிப்பட்ட அறிவு தாத்தா, பாட்டி வாய்ப்பேச்சில்தான் பேரனுக்குப் போகிறது. பேச்சு நின்றால் அதுவும் நிற்கும்.

பேச்சு ஒரே நாளில் நிற்பதில்லை. குழந்தை பள்ளிக்குப் போகிறது. அதன் பேச்சைக் கேட்டு யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த நாள் வாயை மூடிக்கொள்கிறது. "பள்ளிக்கூடப் பேச்சையே பேசு" என்று வீட்டிலும் மாற்றிவிடுகிறார்கள். ஒரு தலைமுறையில் கதை முடிந்துவிடும்.

உலகம் முழுக்க இதே கவலை உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு ஜூலு, கோசா உட்பட 11 மொழிகளை ஆட்சிமொழி ஆக்கியது. ஆனாலும் பல பள்ளிகளில் நான்காம் வகுப்பு வந்ததும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். வீட்டு மொழியையும் கூடவே தொடரும் இருமொழி முறையை அங்கே 2025 முதல் படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள்.

தமிழக அரசும் 2024-25 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஒலி வடிவத்தோடு ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் ஒலிப்பதிவு மொழியைப் பத்திரப்படுத்தும், பேச வைக்காது. பேச வைப்பது வீடும் வகுப்பறையும்தான். ஒரு செடியைக் காட்டி, "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிட்டு, பிறகு தமிழ்ப் பெயரைச் சொல்லித்தரும் ஆசிரியர் போதும். குழந்தை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். செங்கோட்டைக் கடைத்தெருவில் இரண்டு மொழியிலும் பேரம் பேசும் பிள்ளைகளே அதற்குச் சாட்சி.

வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, சௌராஷ்டிரமோ பேசும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டி ஒரு கதையை அவர் மொழியிலேயே சொல்லட்டும். பேரப்பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் பரவாயில்லை, பாட்டி நிறுத்த வேண்டாம். கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு வரும்.