லிவர்ப்பூலார் தேடிய மானேஜர்

மேல்நாட்டுக் காற்பந்தாட்டக் கழகம் ஒன்று தொடர்ந்து நாலைந்து ஆட்டங்களில் தோற்குமாயின், நம் கல்லூரி விடுதியில் இலையிலிட்ட சோறு ஆறிப்போகும். அக்கழகத்திற்கு அடுத்த மானேஜராக வரத்தக்கவர் யார் என்பது பற்றி அவ்வளவு ஆவேசமான தர்க்கம் நிகழும். இத்தாலியரா, ஜெர்மானியரா, அக்கழகத்திலேயே முன்பு ஆடிப் புகழ்பெற்றவரா என்று ஆளுக்கொரு பெயரைப் பற்றிக்கொண்டு, மற்றவர் வாயை அடைக்க முயல்வர். விடுதி மேற்பார்வையின் பொருட்டு யானும் அப்பந்தியில் அமர்வதுண்டு. பெயர்கள் மழைபோற் பொழியும் அத்தர்க்கங்களில் ஒரு கேள்வி மட்டும் எழக் கேட்டிலேன். வரப்போகும் மனிதருக்குக் கழகத்தார் எதைக் கொடுக்கப்போகின்றனர்? சம்பளத்தைக் கூறினேனல்லேன், அதிகாரத்தையே கூறுகின்றேன்.

இதற்கு லிவர்ப்பூல் கழகத்தின் சரித்திரத்தினும் நல்ல சான்று யான் அறியேன். மாணவருட் பலர் அக்கழகத்தின் இன்றைய கீர்த்தியை மட்டுமே அறிவர். அதன் தாழ்ந்த காலம் அவர்க்குக் கட்டுக்கதைபோல் தோன்றலாம்.

மானேஜர் என்பவர் களத்திலிறங்கி ஆடுபவரல்லர். பயிற்சியையும் ஆட்டமுறையையும் வகுப்பவர். களத்தில் இறங்கும் பதினொருவர் இன்னின்னார் எனத் தீர்மானிப்பவரும் அவரே என்பது இக்காலத்தார்க்கு இயல்பாகத் தோன்றும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் பல கழகங்களில் நிலைமை அவ்வாறில்லை. டைரக்டர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து அணியைத் தேர்ந்தெடுப்பர். மானேஜர் தம் கருத்தைச் சொல்லலாம். தோல்வி நேர்ந்தால் பழி மட்டும் முழுவதும் மானேஜருடையது. 1950-இல் இங்கிலாந்தின் எப். ஏ. கோப்பைப் போட்டியில், எவர்ட்டனுக்கு எதிரான அரையிறுதி ஆட்டத்தில் கோல் அடித்த பாப் பெய்ஸ்லி என்பார், இறுதியாட்டத்திற்குரிய லிவர்ப்பூல் அணியினின்று விலக்கப்பட்டார். அவ்வாட்டத்தில் அர்சனல் 2-0 என்று வென்றது. பெய்ஸ்லியின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

1951-இல் லிவர்ப்பூலின் மானேஜர் ஜார்ஜ் கே நோயுற்று விலகினார். அவ்விடத்திற்கு அழைத்துப் பேசப்பட்டவருள் பில் ஷாங்க்லி ஒருவர். ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரிற் பிறந்து, இளமையில் சுரங்கத்தில் உழைத்து, பின் பிரஸ்ட்டன் கழகத்தில் ஆடி, 1938-இல் கோப்பையும் வென்றவர். அப்பொழுது கார்லைல் என்னும் சிறு கழகத்தின் மானேஜர். அணியைத் தேர்ந்தெடுப்பதில் கடைசி வார்த்தை தம்முடையதாதல் வேண்டும் என்றார் அவர். சபையார் அதற்கு இசைந்திலர். டான் வெல்ஷ் என்பார் நியமனம் பெற்றார்.

1947-இல் நாட்டின் முதல் டிவிஷனில் முதலிடம் பெற்ற லிவர்ப்பூல், 1954-இல் அதே டிவிஷனில் கடைசி இடம் எய்தி, இரண்டாவதற்கு இறங்கிற்று. ஷாங்க்லி வந்திருப்பின் இறங்கியிராது என யான் சாதிக்க வரவில்லை. மூப்படைந்த அணியை எவராலும் ஒரு நாளில் இளமையாக்க இயலாது. ஆனால் இறங்கியபின் நிகழ்ந்ததைக் காண்க. 1956 முதல் 1961 வரை ஆறு ஆண்டுகளிலும் அக்கழகம் மூன்றாமிடத்திலோ நான்காமிடத்திலோ நின்றது. மேலேறும் உரிமையோ முதலிரு கழகங்கட்கே. கரைக்கு எட்டியும் எட்டாமலும் தத்தளிக்கும் இந்நிலை, முழுகிப்போவதினும் கொடியது என்பது என் எண்ணம். முழுகியவன் கூவுவான், தத்தளிப்பவனோ அடுத்த ஆண்டு ஆகட்டும் என்பான். 1959 ஜனவரியில் வூஸ்ட்டர் சிட்டி என்னும், லீக்கிற் சேராத ஒரு சிறு கழகம், கோப்பைப் போட்டியில் லிவர்ப்பூலை 2-1 என்று வீழ்த்திய பின்னரே நகரம் நாணிற்று.

அவ்வாண்டு நவம்பரில் மானேஜர் பில் டெய்லர் விலகினார். சபையார் மறுபடியும் ஷாங்க்லியை நாடினர். இடையில் அவர் கிரிம்ஸ்பி, வொர்க்கிங்ட்டன், ஹட்டர்ஸ்பீல்ட் என ஊர்தோறும் உழன்று எட்டாண்டுகளைக் கழித்திருந்தார். பெருங்கோப்பை எதனையும் அவர் வென்றிலர். 1951-இல் கேட்ட மனிதர் அவரே, கேட்டதும் அதுவே. மாறியவர் சபையார். அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இம்முறை அவர்க்கு அளிக்கப்பட்டது.

இவ்விடத்தில் என் அநுபவம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகின்றது. சில ஆண்டுகட்கு முன், மாணவர் தொகை குன்றிவந்த ஒரு சிறு பாடசாலைக்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யானும் ஓர் அங்கத்தினனாயிருந்தேன். வந்தவரை எல்லாம் நாங்கள் கேள்விகளால் துளைத்தோம். அவருள் ஓர் அம்மையார் மட்டும் எங்களை ஒரு கேள்வி கேட்டார்: "ஆசிரியர்க்கு வகுப்புகளைப் பிரித்துக் கொடுப்பது நானா, நீங்களா?" சிறிதுநேரம் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. அவர் வெளியே சென்றபின், "துடுக்கு அதிகம்" என்றார் ஒருவர். அக்கேள்வியே அவருடைய தகுதிப் பத்திரம் என்று யான் ஒரு மணிநேரம் வாதித்தும் பயனில்லை. நியமனம் பெற்றவர் நல்லவர். எங்களை ஒன்றும் கேட்டிலர். இரண்டாம் ஆண்டிலேயே அப்பாடசாலை மறுபடியும் விளம்பரம் செய்தது.

லிவர்ப்பூலுக்கு மீள்வோம். ஷாங்க்லியின் கீழ் முதல் ஆட்டம் 1959 டிசம்பர் 19-இல், சொந்த மைதானத்தில், கார்டிப் கழகத்தோடு. 4-0 என்று தோல்வி. இக்காலத்து நம் விடுதியாயின் அன்றிரவே அடுத்த மானேஜரின் பெயர் அடிபட்டிருக்கும். ஷாங்க்லி என் செய்தார்? தமக்கு வேண்டியவர்களை வெளியிலிருந்து கொணராமல், முன்பே அங்கிருந்த பயிற்சியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டு, உண்மையாயிருங்கள் என ஒன்றையே வேண்டினார். அவர்களுள் ஒருவர், 1950-இல் விலக்கப்பட்ட அப்பெய்ஸ்லி. மெல்வுட் என்னும் பயிற்சி மைதானம் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தது; அதனைத் திருத்தினார். தெருக்களில் நெடுந்தூரம் ஓடும் பயிற்சியை விடுத்து, பந்தோடு பழகும் பயிற்சியையும், சிறு சிறு அணிகளாகப் பிரிந்து ஆடும் ஆட்டத்தையும் ஏற்படுத்தினார். இவற்றுள் ஒன்றும் பத்திரிகையிற் படம் போடத்தக்கதன்று.

அதிகாரம் கிடைத்ததும் எல்லாம் இனிதாயிற்று என்றும் எண்ணற்க. ஆட்டக்காரரை விலைக்கு வாங்கப் பணம் கேட்டபோதெல்லாம் சபையார் கையை இறுக்கினர். மனம் கசந்து விலகிவிடலாம் என அவர் நினைத்த நாட்களும் உண்டு. 1961-இல் எரிக் சாயர் என்னும் டைரக்டர் அவர்பக்கம் நின்றமையால், இயன் செயின்ட் ஜானும் ரான் யேட்ஸும் வந்து சேர்ந்தனர். 1962-இல் கழகம் மேலேறியது; 1964-இல் முதலிடம்; 1965-இல் கழகச் சரித்திரத்திலேயே முதன்முறையாக எப். ஏ. கோப்பை. நியமனத்திலிருந்து எண்ணினால், முதற் பெருவெற்றிக்கு நாலாண்டுகட்கு மேலாயின. மானேஜரொருவர்க்கு நாலு மாதங்கூடப் பொறாத கழகங்கள் இக்காலத்தில் உள. லெஸ்டர் கழகத்தாரைப் பாருங்கள்: 2016-இல் உலகமே வியக்க லீக்கை வென்றுதந்த ரானியரியை, பத்து மாதங்கூட முழுதாகச் செல்லுமுன், 2017 பெப்ருவரியில் அனுப்பிவிட்டனர்!

1974 ஜூலையில், அறுபதாம் வயதில், எவரும் எதிர்பாராவண்ணம் ஷாங்க்லி விலகினார். சபையார் இம்முறை வெளியூர் எதற்கும் ஆளனுப்பவில்லை. பயிற்சியறையிலிருந்த பெய்ஸ்லியையே அழைத்தனர். அவர் விருப்பமின்றியே ஏற்றார். ஒன்பது ஆண்டுகளில் ஆறுமுறை லீக்கையும், மூன்றுமுறை ஐரோப்பியக் கோப்பையையும் கழகம் வென்றது. அவ்வொன்பது ஆண்டுகளும் பதினொருவரின் பெயரை எழுதியது அவர் கை.